'நமக்கெல்லாம் இது போதும்' என்று தலைக்குள் ஒரு குரல்: அது எப்படி வேலை செய்கிறது?

"நெகட்டிவா யோசிக்காதே, பாசிட்டிவா யோசி." வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து கல்லூரி ஆண்டு விழா மேடை வரை எல்லா இடத்திலும் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை இது. காசு கொடுத்துக் கேட்கிறவர்களும் உண்டு. கேட்டவுடன் ஒரு தெம்பு வரும், இரண்டு நாளில் வடிந்துவிடும். அப்புறம் 'பாசிட்டிவாக யோசிக்கக்கூட நமக்குத் துப்பில்லையே' என்று அதற்கும் சேர்த்துத் தன்னைத் தானே ஒரு திட்டு.

தன்னை மட்டம் தட்டிப் பேசிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு நடந்தும், அது எப்படி உருவாகிறது, எதைத் தின்று வளர்கிறது என்பதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. சொற்களை மாற்றினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சொற்களைக் கேட்டு நாம் அடுத்து என்ன செய்கிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குறைந்ததை ஏற்றுக்கொண்டு ஒதுங்கிப் போகும் பழக்கம் அங்கேதான் இதோடு வந்து சேர்கிறது.

## தலைக்குள் பேசுவது யார்?

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டோமே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே, அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று நாள் முழுக்க நமக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. இதற்கு உள்பேச்சு என்று பெயர். எல்லோருக்கும் ஒரே அளவில் ஓடுவதில்லை. சிலர் சொற்களைவிடக் காட்சிகளாகவே அதிகம் யோசிப்பார்கள். எப்படியானாலும், உள்பேச்சு இருப்பது கோளாறு இல்லை. திட்டமிடவும் நினைவில் வைக்கவும் அவசரத்தில் கையைக் கட்டுப்படுத்தவும் அதுதான் உதவுகிறது.

அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி ஒரு விளக்கம் தந்தார். மூன்று நான்கு வயதுக் குழந்தை தனியாக விளையாடும்போது கவனித்திருப்பீர்கள். "இதை இங்க வெக்கணும்... ஐயோ, விழுந்துடுச்சு... பாத்து, மெதுவா..." என்று சத்தமாகத் தனக்கே சொல்லிக்கொள்ளும். வளர வளர இந்தப் பேச்சு முணுமுணுப்பாகி, பிறகு ஓசையே இல்லாமல் உள்ளே போய்விடுகிறது என்றார் அவர். அவர் இறந்த 1934ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இது இருக்கிறது.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த "பாத்து, மெதுவா" குழந்தையின் சொந்தச் சொல் இல்லை, அம்மாவோ பாட்டியோ சொன்னது. சொல் உள்ளே போகும்போது தொனியும் கூடவே போவதில் வியப்பில்லை. "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு", "உனக்கெல்லாம் எதுக்கு இந்த ஆசை", "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்" என்று கேட்டு வளர்ந்தவர் நாற்பது வயதிலும் அதே தொனியில் தன்னை அதட்டிக்கொண்டிருப்பார். சற்று உற்றுக் கேட்டால் சிலருக்கு ஆளையே அடையாளம் சொல்ல முடியும்: எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார், அல்லது கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சிரித்த பெரியப்பா.

சுருக்கமாக: உள்பேச்சு எல்லோருக்கும் உண்டு. அதன் சொற்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தவை. நமக்குள் ஒலிப்பதாலேயே அது நம் தீர்ப்பு ஆகிவிடாது.

## பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வு உள்ளவர்களைப் பார்த்துவந்தார். மனதில் வருவதையெல்லாம் தடையில்லாமல் சொல்லச் சொல்வது அன்றைய சிகிச்சை முறை. அவர்களும் சொன்னார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நோயாளி பதற்றமாக இருப்பதைக் கவனித்து விசாரித்தபோதுதான் அடியில் ஓடிய இன்னொரு பேச்சு தெரியவந்தது: 'நான் பேசுவது டாக்டருக்குச் சலிப்பாக இருக்கும்.' கதை வாயில் ஓடிக்கொண்டிருக்க, இது பின்னால் சன்னமாக ஓடியிருக்கிறது.

இப்படி முயன்று யோசிக்காமலே சட்டென்று வந்து, எந்த விசாரணையும் இல்லாமல் உண்மை மாதிரி உட்கார்ந்துகொள்வதை பெக் தன்னியக்க எண்ணம் என்றார். இதன் மேல் அவர் எழுப்பிய சிகிச்சைதான் இன்று சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) என்று அழைக்கப்படுகிறது. எண்ணத்தையும் அதைத் தொடரும் செயலையும் சேர்த்துச் சரிபார்க்கிற சிகிச்சை அது.

தன்னியக்க எண்ணங்கள் எப்படியெல்லாம் கோணலாகின்றன என்பதற்கு நீளமான பட்டியல்கள் உண்டு. அடுத்தவர் மனதைப் படித்துவிட்டதாக நினைப்பது ('என்னை மட்டமா நினைச்சிருப்பாங்க'), ஒரு தவறை வைத்து ஆளுக்கே முத்திரை குத்துவது ('நான் ஒரு தண்டம்'), பாராட்டைத் தள்ளிவிடுவது ('சும்மா மரியாதைக்குச் சொல்றாங்க'). பட்டியலை மனப்பாடம் செய்து பெரிய பலன் இல்லை என்பது என் எண்ணம். ஒன்றே ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: ஜோசியம். 'கேட்டால் கிடைக்காது', 'போனால் அவமானம்தான்', 'எழுதினாலும் பாஸாக மாட்டேன்' என்று இன்னும் நடக்காததை நடந்து முடிந்ததாகச் சொல்லும் வகை. குறைந்ததை ஏற்றுக்கொள்ள வைப்பதில் இதற்குத்தான் பெரும்பங்கு.

## நாய் இருக்கும் சந்து

வீட்டுக்குக் குறுக்குவழியாக ஒரு சந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "அந்தச் சந்துல கடிக்கிற நாய் இருக்கு" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பெரிய தெரு வழியாகச் சுற்றிப் போகிறீர்கள். தினமும் கடிபடாமல் வீடு சேர்கிறீர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பயம் குறைந்திருக்குமா? கூடியிருக்கும். 'சுற்றிப் போனதால்தானே தப்பித்தோம்!' நாய் எப்போதோ வேறு தெருவுக்குப் போயிருக்கலாம். முதலிலிருந்தே குரைப்பதோடு சரி என்றும் இருக்கலாம். உங்களுக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் நீங்கள் தலை வைத்தே படுக்கவில்லை.

இந்தச் சுற்றுவழிக்கு உளவியலில் தவிர்ப்பு என்று பெயர்: பயப்படுகிற ஒன்றைச் சந்திக்காமலிருக்க எடுக்கும் எந்த வழியும் தவிர்ப்புதான். அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. உடனே ஒரு நிம்மதி தருகிறது. நிம்மதி தருவதை மனம் மறுபடி தேடும். கூடவே, பயம் பொய்யாக இருந்தால் அது பொய் என்று காட்டக்கூடிய ஒரே வாய்ப்பையும் அடைத்துவிடுகிறது. அதனால் குரல் ஒருநாளும் தோற்பதில்லை. ஜோசியத்தைச் சோதிக்கவே இல்லையென்றால் எந்த ஜோசியர்தான் தோற்பார்?

இனி இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். லைனிங் வைத்து, கழுத்துக்கு பைப்பிங் கொடுத்து, முதுகில் கயிறும் தொங்கலும் கட்டித் தருகிறார். கடைத்தெருவில் இதே வேலைக்கு 500 ரூபாய் வாங்குகிறார்கள். இவர் 300. நூல் பிசிறு வெட்டி, கொக்கியை ஒருமுறை மாட்டிப் பார்த்து, மடித்துக் கவரில் போட்டு நீட்டுகிறார். வந்தவர் கைப்பையைத் திறந்துகொண்டே "எவ்வளவுக்கா?" என்கிறார்.

அந்த இரண்டு விநாடியில் உள்ளே ஓடுவது: 'நாம என்ன ஃபேஷன் டிசைனிங்கா படிச்சோம்? 500 சொன்னா அடுத்த தடவை வர மாட்டாங்க.' வாயில் வருவது: "நீங்க பார்த்துக் கொடுங்க." 300 கைக்கு வருகிறது, நெஞ்சு லேசாகிறது.

அந்த லேசாவதுதான் சம்பவத்தின் மையம். 200 ரூபாயை விட்டுக்கொடுத்து அவர் வாங்கிக்கொண்டது அந்த நிம்மதியை. வாடிக்கையாளர் தொடர்ந்து வருவார், அதுவும் குரலின் கணக்கில் வரவாகும்: 'பாத்தியா, 300 வாங்கினதாலதான் வராங்க.' கதை இதோடு நிற்பதும் இல்லை. விலை குறைவு என்பதால் மாதத்துக்கு அதிக உருப்படி எடுக்க வேண்டியிருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மங்கிய வெளிச்சத்தில் பிளவுஸுக்குக் கை வெட்டும்போது ஒன்றிரண்டு தப்பாகும். உடனே குரல் சொல்லும்: '300க்கே இந்த லட்சணம். 500 கேக்கற மூஞ்சியா இது?' குரல் சொன்னதைக் கேட்டு நடந்ததன் விளைவே, குரலுக்கு அத்தாட்சியாக வந்து நிற்கிறது.

வேலைக்கான நேர்காணலில் "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டால் மனதில் இருந்ததைவிடக் குறைத்துச் சொல்வதும், தகுதிப் பட்டியலில் ஒன்று குறைகிறது என்று விண்ணப்பமே போடாமல் விடுவதும், 'வயசாகுது, இனி நமக்கு யார் வருவா' என்று பிடிக்காத வரனுக்குத் தலையாட்டுவதும் இதே சுற்றுவழிதான்.

சுருக்கமாக: குரல் ஒரு கணிப்பைச் சொல்கிறது. நாம் தவிர்க்கிறோம். நிம்மதி கிடைக்கிறது. கணிப்பு சோதிக்கப்படாமலே உண்மையாகிவிடுகிறது. குறைந்ததை ஏற்றுக்கொள்வது இந்த வட்டத்தின் விளைவு மட்டும் இல்லை, அதைச் சுழல வைப்பதும் அதுவே.

## அப்போது பாசிட்டிவ் வாக்கியங்கள்?

கண்ணாடி முன் நின்று 'நான் வெற்றியாளன்' என்று பத்து முறை சொல்லும் வழி எல்லோருக்கும் தெரியும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட்டும் சக ஆய்வாளர்களும் 2009இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். 'நான் நேசிக்கத் தகுந்தவர்' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். தன்மதிப்பு ஏற்கெனவே நன்றாக இருந்தவர்களுக்கு அது சற்று உதவியது. தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களோ, அதைச் சொல்லாமலே இருந்தவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கே ஒத்துக்கொள்ளவில்லை. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை: நம்ப முடியாத அளவுக்குப் பெரிய ஒன்றைச் சொன்னால், உள்ளே இருக்கும் குரல் பத்து எதிர் உதாரணங்களோடு கிளம்பி வரும்.

சரி, எண்ணத்தை வராமலே அடக்கிவிட்டால்? உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலில் அடக்கியவர்களுக்குக் கரடி கூடுதலாகவே வந்தது.

இன்னொரு நம்பிக்கையும் நம்மிடம் பலமாக இருக்கிறது: 'என்னை நானே திட்டிக்கொண்டால்தான் உருப்படுவேன்.' அடித்து வளர்த்த பிள்ளைதான் தேறும் என்பதன் உள்வடிவம் இது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான தேர்வில் சரியாகச் செய்யாத மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், இதில் தடுமாறுவது பலருக்கும் நடப்பதுதான், உங்களிடம் கடுமையாக நடந்துகொள்ளாதீர்கள் என்று சொல்லப்பட்டது. அடுத்த தேர்வுக்கு அவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். கனிவு காட்டினால் சோம்பேறியாகிவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் போதவில்லை.

## சோதித்துப் பார்ப்பது எப்படி?

குரலோடு வாதாடுவதையும் அதன் வாயை அடைப்பதையும் விட்டுவிட்டு, அது சொன்ன கணிப்பைச் சோதனைக்கு எடுத்துக்கொள்வதுதான் சிபிடி வழியின் அடிப்படை. முதலில் அந்த வாக்கியத்தைப் பிடிக்க வேண்டும். எப்படி வந்ததோ அப்படியே, பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். 'எனக்குத் தன்னம்பிக்கை குறைவு' என்று எழுதினால் பயனில்லை, அது யாரோ எழுதிக் கொடுத்த சான்றிதழ் மாதிரி இருக்கிறது. '500 சொன்னா அடுத்த தடவை வர மாட்டாங்க' என்பதுதான் சரக்கு. அதைச் சோதிக்க முடியும்.

எழுதியதை எட்ட நின்று படிக்க ஒரு சின்ன உத்தி உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் மற்றவர்களும் 2014இல் காட்டியது: 'நான் ஏன் பயப்படுகிறேன்' என்று கேட்டுக்கொள்வதைவிட, சொந்தப் பெயரைச் சொல்லி 'இவர் ஏன் பயப்படுகிறார்' என்று கேட்டுக்கொண்டவர்கள் பதற்றமான தருணத்தை நன்றாகச் சமாளித்தார்கள். கேட்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். மனதுக்குள் கேட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்தது, எண்ணிப் பார்க்கக்கூடிய கணிப்பாக மாற்றுவது. 'வர மாட்டாங்க' என்றால் எத்தனை பேர்? பத்தில் எட்டு என்று குரல் சொன்னால் எட்டு என்றே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, தோற்றாலும் தாங்கக்கூடிய அளவில் ஒரு சோதனை. நம் அக்கா எடுத்த எடுப்பில் எல்லோரிடமும் 500 கேட்க வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் மட்டும், துணியை வாங்கும்போதே "லைனிங், பைப்பிங் சேர்த்து 400" என்று சொல்லலாம்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது கேட்க அற்பமாக இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும் எவ்வளவு கஷ்டம் என்று. 400 என்று சொன்ன மறுநொடியே "அதிகம்னு நினைச்சா குறைச்சுக்கலாம்க்கா" என்று நாக்கு நீளும். அந்த ஒட்டுவாக்கியம் சுற்றுவழி மறுபடி நுழையும் இடம். அதைச் சேர்த்துவிட்டால், பணம் முழுசாக வந்தாலும் 'நான் தணிஞ்சு பேசினதாலதான்' என்று குரல் தப்பித்துக்கொள்ளும்.

முடிவு எப்படியும் வரலாம். பத்தில் ஏழு பேர் மறுபேச்சில்லாமல் கொடுத்து, இரண்டு பேர் பேரம் பேசி, ஒருவர் நடையைக் கட்டினால், எட்டு என்று எழுதிய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டு பேரும் உண்மையிலேயே போய்விட்டால்? அப்போது தெரிவது அந்தத் தெருவில் எவ்வளவு விலை தாங்கும் என்பது. அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது இல்லை. இரண்டையும் குரல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தது, சோதனை பிரித்துக் காட்டுகிறது.

ஒரு முறை செய்து பார்ப்பது நூறு முறை சொல்லிக்கொள்வதைவிட ஏன் வலுவானது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கருத்து உதவும். 'இந்த வேலையை என்னால் செய்ய முடியும்' என்ற குறிப்பான நம்பிக்கையைத் தன்திறன் நம்பிக்கை என்றார் அவர். அது வலுவாக வளர்வது நேரில் செய்து முடித்த அனுபவத்தில். அடுத்து, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதில். 'உன்னால முடியும்' என்று பிறர் தூண்டுவதன் பலம் அவ்வளவு இல்லை. மேடைப் பேச்சுத் தெம்பு இரண்டு நாளில் வடிவதற்கு இதுவே விளக்கம்.

## போதும் என்ற மனம் என்னாவது?

'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று சொல்லி வளர்த்துவிட்டு இப்போது கேள் கேள் என்றால் எப்படி? நியாயமான கேள்வி. எல்லாவற்றிலும் மிகச் சிறந்ததையே தேடி அலைவது புத்திசாலித்தனமும் இல்லை. 1978இல் பொருளியல் நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்களுக்கு நேரமும் தகவலும் அளவாகவே இருப்பதால் தேவைக்குப் போதுமானது கிடைத்ததும் தேடலை நிறுத்திக்கொள்கிறார்கள் என்று விளக்கினார்.

உண்மையான நிறைவையும் பயந்து ஒதுங்குவதையும் பிரிக்க நான் பயன்படுத்துவது ஒரு கேள்வி: கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தாலும், இதையேதான் தேர்ந்தெடுப்பேனா? 'ஆமாம், இந்த வருமானம் போதும், சாயங்காலம் பிள்ளையோடு இருப்பதுதான் எனக்கு முக்கியம்' என்றால் அது நிறைவு, யாரும் அதில் கை வைக்க வேண்டாம். 'கிடைக்கும் என்றால் ஏன் கேட்காமல் இருக்கப்போகிறேன்' என்று பதில் வந்தால், அங்கே போதும் என்று சொன்னது பயம்.

## எல்லாப் பழியும் குரலுக்கா?

ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் கூலி குறைவாகத் தரும் இடங்கள் இருக்கின்றன. சாதியையோ பேச்சின் சாயலையோ பார்த்து மூடிக்கொள்ளும் கதவுகள் இருக்கின்றன. அங்கே போய் 'உன் எண்ணத்தை மாற்று' என்று சொல்வது, அடி வாங்கியவரையே குற்றவாளியாக்குவது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். சோதித்துப் பார்த்தும் கதவு திறக்கவில்லை என்றால், அடுத்துத் தேவைப்படுவது சங்கமோ சட்டமோ வேறு இடமோ. கண்ணாடி முன் வாக்கியம் சொல்வது அங்கே உதவாது.

இன்னொரு எல்லை உடல்நலம் சார்ந்தது. பெரும்பாலான நாட்களில் சோர்வு, தூக்கமும் பசியும் மாறிப்போவது, எதிலும் ஈடுபாடு இல்லாமை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது சுயசோதனையோடு நிற்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் உதவி எண் 1926. சிபிடி பயின்ற ஒருவரிடம் போனால் அவர் கேட்கப்போவது, அன்றைக்கு என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்பதைத்தான். எழுதி வைத்த தாள் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.